ஓவரிய அடக்குற ஊசி: 28 நாளுக்கு ஒண்ணா, மூணு மாசத்துக்கு ஒண்ணா?

செங்காங்_ரோஜா:

வணக்கம். ஊசி விஷயமா ஒரு குழப்பம், இதே ட்ரீட்மென்ட்ல இருக்கிறவங்க யாராவது சொன்னா நல்லா இருக்கும். எனக்கு 39 வயசு, சிங்கப்பூர்ல இருக்கேன். மார்பகப் புற்றுநோய், ஈஆர் பிஆர் ரெண்டும் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால வளர்ற வகை, ஹெர்2 நெகட்டிவ், ஸ்டேஜ் 2. கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப தினமும் லெட்ரோசோல் மாத்திரை, கூடவே ஈஸ்ட்ரோஜன் சுரக்கிற ஓவரிய (சினைப்பை) அடக்கி வைக்க சோலாடெக்ஸ் 3.6 ஊசி, 28 நாளைக்கு ஒரு தடவை வயித்துல போடுறாங்க.

வழக்கமா பாக்குற டாக்டர் லீவுல இருந்ததால போன தடவை வேற ஒருத்தர் பாத்தாரு, சின்ன வயசு, தன்மையாதான் பேசினாரு, நான் எழுந்து கிளம்புற நேரத்துல "மாசா மாசம் வர்றது சிரமமா இருந்தா மூணு மாச ஊசி இருக்கு, 10.8, யோசிச்சுட்டு சொல்லுங்க"ன்னாரு. எனக்கு அங்கயே சரின்னு சொல்லிடலாம்னு இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்ல டைம் ஆஃப் கேட்டு, பொண்ண ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர ஆள் ஏற்பாடு பண்ணி, ரத்தம் குடுத்து, டாக்டர பாத்து, ஃபார்மசில மருந்து வாங்கி, ஊசி ரூம்ல நம்பர் வரதுக்குள்ள பாதி நாள் போயிடுது. அதோட தை மாசம் தம்பி கல்யாணம் திருச்சியில, இவ்ளோ நடந்ததுக்கு அப்புறம் முதல் தடவை ஊருக்கு போறேன், கொஞ்ச நாள் கூட இருந்துட்டு வான்னு அம்மா சொல்றாங்க, ஆனா நடுவுல ஒரு ஊசி தேதி விழுது.

வாட்ஸ்அப் குரூப்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அமெரிக்காவுல இருக்கிற ஒரு ஃப்ரெண்ட் மூணு மாச ஊசி மார்புக்கு கிடையவே கிடையாது, அது ஆம்பளைங்க ப்ராஸ்டேட்டுக்கு போடுறதுன்னு பயமுறுத்துறா. இன்னொருத்தங்க நான் அதுலதான் இருக்கேன், ஒண்ணும் ஆகலங்கிறாங்க. எதை நம்புறது? மூணு மாச ஊசின்னா டோஸ் ஜாஸ்தின்னு அர்த்தமா, சைட் எஃபெக்டும் மூணு மடங்கு ஆகுமா?

ஜூரோங்_வெஸ்ட்_அக்கா:

ரோஜா, நான் மூணு மாச ஊசிலதான் இருக்கேன்மா, 10.8. ஆனா எனக்கு மாத்திரை டாமாக்சிஃபென், உனக்கு லெட்ரோசோல், அத மொதல்ல கவனிச்சுக்கோ, நான் ஏன் சொல்றேன்னு விவரம் தெரிஞ்சவங்க யாராவது விளக்குவாங்க.

என் அனுபவம் மட்டும் சொல்றேன். ஊசி ரெண்டுமே தடிதான், 10.8 இன்னும் தடி. மருந்து தண்ணியா இருக்காது, அரிசி மாதிரி ஒரு துண்டு, அத தொப்புளுக்கு கீழ தோலுக்கு அடியில சொருகி விடுவாங்க. மரத்துப்போற க்ரீம் இருக்கு, எம்லா, ஃபார்மசில கேட்டு வாங்கிக்கோ, வீட்டுலயே ஒரு மணி நேரம் முன்னாடி தடவி மேல அந்த ப்ளாஸ்டிக் ஒட்டி மூடிட்டு எம்ஆர்டி ரயில்ல ஏறிடு, போய் சேரும்போது சரியா மரத்திருக்கும். இடது பக்கம் ஒரு தடவை வலது பக்கம் ஒரு தடவைன்னு மாத்தி போடச் சொல்லு. ரத்தம் கட்டி நீலமா ஆனா பயப்படாத, போயிடும், ஆனா வயிறு வீங்கிட்டே போனாலோ தலை சுத்தினாலோ வீட்டுல உக்காந்திருக்காம உடனே போயிடணும். ரத்தம் இளக்குற மாத்திரை எடுக்கிறவங்க ஊசி போடுற மிஸ்ஸிகிட்ட முன்னாடியே சொல்லிடணும், அவங்களா கேப்பாங்கன்னு இருக்கக் கூடாது.

உடம்பு சூடு மூணு மடங்கெல்லாம் ஆகல. அதே சூடுதான், அதே ராத்திரி வேர்வைதான். ராத்திரி ஃபேன் ரெண்டு ஓடுது.

மருந்தாளர்_பாசிர்ரிஸ்:

ஃபார்மசியில வேலை, கேன்சர் மருந்து பக்கம்தான் ரொம்ப வருஷமா. உங்க டாக்டர் இடத்துல நின்னு சொல்லல, அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க எழுதுறேன், கொஞ்சம் நீளும்.

டோஸ் கணக்கு மொதல்ல. 3.6 மில்லிகிராம் நாலு வாரத்துக்கு, 10.8 பன்னெண்டு வாரத்துக்கு. வகுத்து பாத்தா ரெண்டும் வாரத்துக்கு 0.9தான். மருந்து ஜாஸ்தி இல்ல, ஒரே தடவையில மொத்தமா வெச்சுட்டு மெதுவா கசிய விடுறாங்க, அவ்ளோதான். அதனால சைட் எஃபெக்ட் மூணு மடங்குங்கிற பயம் வேண்டாம். ஒரே ஒரு வித்தியாசம், ஒத்துக்கலைன்னு நிறுத்தணும்னு நெனச்சா மாச ஊசி சீக்கிரம் இறங்கிடும், மூணு மாச ஊசி உள்ள இருக்கிற வரைக்கும் இருக்கும்.

உங்க ஃப்ரெண்ட் சொன்னதுல பாதி சரி. அமெரிக்காவுல 10.8 லேபிள் ப்ராஸ்டேட்டுக்கு மட்டும்தான், மார்புக்கு 3.6தான் எழுதியிருக்கும். ஆனா அதுக்காக மார்புக்கு போட்டு பாத்ததே இல்லன்னு சொல்ல முடியாது. ஜப்பான்ல மாதவிடாய் நிக்காத பெண்கள்கிட்ட மாச ஊசியையும் மூணு மாச ஊசியையும் ஒப்பிட்டு பண்ணின ஆய்வு 2011ல வந்துச்சு, ஈஸ்ட்ரோஜன் அடங்குறதுல மூணு மாச ஊசி சளைக்கலன்னு வந்துச்சு. ஆனா அதுல எல்லாரும் டாமாக்சிஃபென் எடுத்தவங்க. ஜூரோங் வெஸ்ட் அக்கா சொல்ல வந்ததும் இதுதான்னு நெனைக்கிறேன்.

ஏன் மாத்திரை முக்கியம்னா, டாமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டுற இடத்தையே அடைச்சு வைக்குது, ஓவரி கொஞ்சம் முழிச்சாலும் அது பாட்டுக்கு தன் வேலைய பண்ணும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் இதெல்லாம் வேற ரகம், ஈஸ்ட்ரோஜன் உண்டாகுறதையே தடுக்குற மாத்திரை, ஓவரி வேலை செய்யாம இருந்தாதான் இது நிக்கும். ஓவரி பாதி முழிச்சுக்கிட்டா என்ன ஆகும், ஈஸ்ட்ரோஜன் குறையுதேன்னு மூளை ஓவரிய இன்னும் தட்டி எழுப்பும், மாத்திரையால அத ஜெயிக்க முடியாது. அதனாலதான் மாதவிடாய் வர வயசுல இந்த மாத்திரைய தனியா குடுக்க மாட்டாங்க, ஊசி கூடவே இருக்கணும், ஊசி சரியா அடக்குதான்னும் தெரியணும்.

மாச ஊசியிலயும் முழு உத்தரவாதம் கிடையாது. சாஃப்ட்னு பெரிய ட்ரையல் ஒண்ணு, 2014ல முடிவு வந்துச்சு, அதுல 28 நாளைக்கு ஒரு தடவை டிரிப்டோரெலின்னு இதே வேலை செய்யுற வேற ஊசி. அதுக்குள்ளயே ஒரு சின்ன குரூப்ப எடுத்து ரத்தத்துல எஸ்ட்ராடயோல், அதாவது ஈஸ்ட்ரோஜன் அளவ, தொடர்ந்து பாத்தாங்க, எக்ஸிமெஸ்டேன் எடுத்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு முதல் வருஷத்துல ஒரு தடவையாவது இருக்க வேண்டிய அளவுக்கு மேல இருந்துச்சு. கீமோ போடாதவங்க, உடம்பு எடை கூடினவங்க, இவங்ககிட்டதான் ஜாஸ்தி. மாச ஊசிக்கே இந்த கதைன்னா, இளவயசு, லெட்ரோசோல், முதல் வருஷம், இந்த மூணும் சேந்திருக்கிறப்ப பல ஆன்காலஜிஸ்ட் 28 நாளைய விட்டு நகர மாட்டாங்க. என்னைக் கேட்டா அதுதான் சரி.

காசு விஷயம் ஒண்ணு. 2022 செப்டம்பர்ல இருந்து மெடிஷீல்டு லைஃப் (அரசாங்க மருத்துவக் காப்பீடு) க்ளெய்ம் கேன்சர் ட்ரக் லிஸ்ட் வெச்சுதான், அதுல மருந்து பேரோட எந்த நோய்க்குன்னும் போட்டிருக்கும். மாத்துறதுக்கு முன்னாடி உங்களுக்கு எழுதப்போற அந்த டோஸ் உங்க நோய்க்கு க்ளெய்ம் ஆகுமான்னு ஆஸ்பத்திரி பிசினஸ் ஆபீஸ்ல கேட்டுடுங்க, பில் வந்ததுக்கு அப்புறம் கேட்டு பிரயோஜனம் இல்ல.

தெம்பனிஸ்_புளோக்வாசி:

பீரியட் நின்னுடுச்சுன்னா ஓவரி செத்துடுச்சுன்னுதானே அர்த்தம், அப்புறம் எதுக்கு மாசா மாசம் குத்திக்கணும்? என் அண்ணிக்கு கீமோலயே நின்னுடுச்சு, அவங்க வெறும் மாத்திரைதான். தேவையில்லாம பில் ஏத்துறாங்களோன்னு தோணுது.

மருந்தாளர்_பாசிர்ரிஸ்:

அப்படி எடுத்துக்க கூடாதுங்க. கீமோவுல பீரியட் நிக்கிறது ஒண்ணு, மாதவிடாய் முடிஞ்சு போறது இன்னொண்ணு. 40க்கு கீழ இருக்கிறவங்களுக்கு மாசக்கணக்கா, ஏன் ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சுக்கூட திரும்பி வரலாம், ரத்தப்போக்கு இல்லாமலே உள்ள ஈஸ்ட்ரோஜன் ஊறிட்டு இருக்கவும் செய்யும். உங்க அண்ணி வயசு என்ன, மாத்திரை எதுன்னு தெரியாம அவங்களையும் ரோஜாவையும் ஒப்பிட முடியாது. இன்னொண்ணும் சொல்லிடறேன், ஊசி போடுறவங்க பீரியட் வரலையேன்னு குடும்பக் கட்டுப்பாட்ட விட்டுடாதீங்க, ஹார்மோன் மாத்திரை கூடாது, காண்டம் இல்ல காப்பர் காயில் மாதிரி ஹார்மோன் இல்லாத வழிதான்.

பூன்லே_தம்பி:

அக்கா, என் வீட்டுக்காரங்களுக்கு நான்தான் தேதி பாக்குறேன், அதனால தேதி பத்தி மட்டும் எழுதுறேன்.

28 நாள்ங்கிறத எல்லாரும் வாயில மாசம்னு சொல்லிடறாங்க, அங்கதான் வழுக்குது. 28 நாளைக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு 13 ஊசி, மாசத்துக்கு ஒண்ணுன்னா 12தான். ஆரம்பத்துல எங்களுக்கு கவுன்ட்டர்ல "நெக்ஸ்ட் மன்த் சேம் டேட்"னு குடுத்தாங்க, 31 நாள் மாசம் வந்தா ஒவ்வொரு தடவையும் மூணு நாள் தள்ளிப்போகுது. இப்ப நான் கிழமைய புடிச்சுக்கிட்டேன், செவ்வாய்க்கிழமைன்னா அதுல இருந்து நாலு வாரம் கழிச்சு வர்ற செவ்வாய்க்கிழமை, போன்ல ரிபீட் போட்டு வெச்சிருக்கேன், கவுன்ட்டர்ல வேற தேதி குடுத்தா "ஃபோர் வீக்ஸ்"னு சொல்லி அங்கயே மாத்த சொல்லிடுவேன், மூஞ்சிய சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

மூணு மாச ஊசியில இது இன்னும் மோசம். பன்னெண்டு வாரம்னா 84 நாள். காலண்டர்ல மூணு மாசம்னா 90க்கு மேல போயிடும். சத்தமில்லாம ஒரு வாரம் லேட்டு. அக்கா நீங்க மாத்தினாலும் மாத்தாட்டியும் வாரத்துலதான் எண்ணணும்.

சீனப் புத்தாண்டுக்கு ரெண்டு நாள் க்ளினிக் மூடிடும், அதுக்கு முன்னாடி கூட்டம் அள்ளும், அந்த நேரத்துல தேதி விழுந்தா ரெண்டு மாசம் முன்னாடியே பேசி முன்னால இழுத்து வெச்சிடணும். டாக்டர் எங்ககிட்ட சொன்னது ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன ஆனா குடி முழுகிடாது, ஆனா லேட் ஆகுறத விட முன்னாடி போடுறது மேல்.

செங்காங்_ரோஜா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பூன்லே தம்பி நான் இப்பதான் என் கார்ட எடுத்து பாத்தேன், போன ரெண்டு இடைவெளியும் 28 இல்ல, 30, 31னு இருக்கு. இதுவரைக்கும் யாரும் இத சொல்லவே இல்ல!

பாசிர் ரிஸ் அண்ணா, எஸ்ட்ராடயோல் டெஸ்ட் பத்தி சொன்னீங்களே, எனக்கு மாசா மாசம் ரத்தம் எடுக்குறாங்க, அதுல அது இருக்குமா? ஹெல்த்ஹப் ஆப்ல ரிசல்ட் பாத்தா லிவர், கிட்னி, ரத்த அணு எல்லாம் இருக்கு, இந்த பேரு எதுவும் காணோம். அப்புறம் திருச்சி விஷயம், ஊசிய இங்கயே வாங்கி கையில எடுத்துட்டு போய் அங்க ஒரு நர்ஸம்மாகிட்ட போட்டுக்கலாமா, பக்கத்து தெருவுலயே ஒரு க்ளினிக் இருக்கு. கடைசியா, இது எத்தனை வருஷம்?

மருந்தாளர்_பாசிர்ரிஸ்:

வழக்கமா எடுக்கிற ரத்தத்துல எஸ்ட்ராடயோல் இருக்காதும்மா, அத டாக்டர் தனியா எழுதணும், கேளுங்க. கேக்கும்போது ரெண்டு விஷயம். ஒண்ணு, அடுத்த ஊசிக்கு கொஞ்சம் முன்னாடி எடுத்தாதான் பிரயோஜனம், ஊசி போட்ட புதுசுல எடுத்தா மருந்து முழு பலத்துல இருக்கும், கடைசி வாரத்துல தாங்குதாங்கிறதுதானே நமக்கு தெரிய வேண்டியது. ரெண்டு, எல்லா லேப் டெஸ்ட்டும் ஒரே மாதிரி இல்ல. வழக்கமா பண்ற இம்யூனோ அஸ்ஸேங்கிற டெஸ்ட் இவ்ளோ கீழ இருக்கிற அளவ துல்லியமா காட்டாது, எக்ஸிமெஸ்டேன் எடுக்கிறவங்களுக்கு அந்த மாத்திரையவே ஈஸ்ட்ரோஜன்னு எண்ணிட்டு பொய்யா ஏத்திக் காட்டவும் செய்யும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரின்னு ஒரு முறை இருக்கு, அதுதான் நம்பகம், உங்க ஆஸ்பத்திரி அத அனுப்ப முடியுமான்னு கேளுங்க. ரிசல்ட் ஒரு தடவை நல்லா இருந்துச்சுன்னா அதோட முடிஞ்சுதுன்னும் இல்ல. ரத்தப்போக்கு, ஸ்பாட்டிங் எது வந்தாலும், இல்ல இருந்த உடம்புச் சூடு திடீர்னு நின்னு போனாலும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம ஃபோன் பண்ணிடுங்க.

கையில எடுத்துட்டு போறத நான் ஊக்குவிக்க மாட்டேன். சோலாடெக்ஸ் 25 டிகிரிக்கு மேல வெக்கக் கூடாது, ஏர்போர்ட், டாக்சி, அங்க கரன்ட் கட்டு, யார் கேரன்டி குடுப்பா? அதோட இத போட பழகின கை வேணும், சாதாரண ஊசி மாதிரி இல்ல, வயித்துக்கு உள்ள ரத்தக்குழாய் இருக்கு, ஒல்லியா இருக்கிறவங்களுக்கு இன்னும் கவனம். தெரு க்ளினிக் வேண்டாம். உங்க டாக்டர்கிட்ட மருந்து பேரு, டோஸ், கடைசியா போட்ட தேதி, அடுத்து போட வேண்டிய தேதி எல்லாம் போட்டு ஒரு லெட்டர் வாங்குங்க, திருச்சியில கேன்சர் பாக்குற ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி கோசரெலின் (சோலாடெக்ஸ்ல இருக்கிற மருந்தோட பேரு) 3.6 ஸ்டாக் இருக்கான்னு உறுதி பண்ணிக்கிட்டு அங்க போய் போட்டுக்கோங்க. போட்டதும் மருந்து டப்பாவுல இருக்கிற பேட்ச் ஸ்டிக்கர கேட்டு வாங்கி கார்டுல ஒட்டிக்கிட்டு வாங்க. இல்லன்னா கிளம்புறதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி இங்க போட்டுட்டு, இருபத்தெட்டு நாளுக்குள்ள திரும்பிடுங்க, இதுல தலைவலியே இல்ல.

எத்தனை வருஷம்னா, சாஃப்ட் ட்ரையல்ல அஞ்சு வருஷம். கொரியாவுல ஒரு ட்ரையல்ல ரெண்டு வருஷ ஊசியோட டாமாக்சிஃபென் குடுத்து பாத்தாங்க, கீமோவுக்கு அப்புறம் ஓவரி திரும்பி முழிச்ச பெண்கள், அதுலயும் ஊசி போட்டவங்களுக்கு பலன் தெரிஞ்சுது. உங்களுக்கு எத்தனைங்கிறது நிணநீர்க் கணு, க்ரேடு, நீங்க எவ்ளோ தாங்குறீங்க எல்லாத்தையும் பாத்து டாக்டர் சொல்லணும். அஞ்சுன்னு சொன்னா மலைச்சுடாதீங்க, நடுவுல மறுபடி பேசுவாங்க. எலும்பு ஸ்கேன் மட்டும் எடுத்தாச்சான்னு பாருங்க, லெட்ரோசோலும் ஊசியும் சேந்தா எலும்பு தேயும்.

உட்லண்ட்ஸ்_கலா:

நான் இந்த ஊசி அலைச்சல் தாங்காம ஓவரியவே எடுத்துட்டேன். சின்ன ஓட்டை வழியா பண்ற கீஹோல் ஆபரேஷன்தான், மறுநாள் வீட்டுக்கு வந்துட்டேன். ஆனா எனக்கு 46, ரெண்டு பசங்க, பெரியவன் என்எஸ் (தேசிய சேவை) போயிட்டான், இனிமே குழந்தைன்னு ஒரு யோசனையே இல்ல. அதுக்கு அப்புறம் எஸ்ட்ராடயோல் டெஸ்ட்டும் வேண்டாம், தேதியும் எண்ண வேண்டாம், நிம்மதி. ஆனா திரும்பி வர வழி கிடையாது பாருங்க, ஊசின்னா ஒரு நாள் நிறுத்தலாம், இது நிறுத்த முடியாது. எங்க டாக்டரே மொதல்ல ஒரு வருஷம் ஊசியில இருந்து பாருங்க, உடம்பு எப்படி எடுத்துக்குதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் ஆபரேஷன் பேசலாம்னு சொல்லிதான் செஞ்சாங்க. 39ல ரோஜா அவசரப்பட வேண்டியதில்ல, இப்படி ஒரு கதவு இருக்குன்னு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. சோஷியல் வொர்க்கரையும் ஒரு தடவை பாத்துடுங்க, வேலை, பிள்ளைய பாத்துக்கிறது, காசு எல்லாத்துக்கும் வழி சொல்வாங்க, நான் ரொம்ப லேட்டாதான் போனேன்.

செங்காங்_ரோஜா:

அப்டேட். வழக்கமா பாக்குற டாக்டர் வந்துட்டாரு, அவர்கிட்ட எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டு போய் வரிசையா கேட்டேன். மூணு மாச ஊசி தப்புன்னு சொல்லல, டாமாக்சிஃபென்ல இருந்திருந்தா யோசிக்காம மாத்தியிருப்பேன், லெட்ரோசோல்ல இருக்கிற வரைக்கும் இந்த வருஷம் 28 நாள்லயே இருங்கன்னாரு. எஸ்ட்ராடயோல் எழுதிக் குடுத்துட்டாரு, அடுத்த ஊசிக்கு முந்தின நாள் ரத்தம். அப்புறம் ஒண்ணு நானே எதிர்பாக்கல, ஒவ்வொரு தடவையும் டாக்டர பாக்க வேண்டியதில்ல, நடுவுல வெறும் ஊசிக்கு மட்டும் காலைல முதல் நேரமா போட்டு தரேன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க, போட்டுட்டு நேரா ஆபீஸ் போயிடலாம். கேட்டிருந்தா முன்னாடியே குடுத்திருப்பாங்களாம்.

திருச்சிக்கு ஊசி போட்டுட்டு கிளம்புறேன், 28 நாளுக்குள்ள திரும்பிடறேன். அம்மா இன்னும் ரெண்டு வாரம் கேக்குறாங்க, அத நான் பாத்துக்கிறேன்.

பூன்லே_தம்பி:

நல்லதுக்கா. திரும்புற டிக்கெட்ட 28வது நாளுக்கே போடாதீங்க, 25வது நாளுக்கு போடுங்க, பொங்கல் முடிஞ்சு எல்லாரும் கிளம்புற நேரம், திருச்சி ஃப்ளைட் கிடைக்கிறதும் கஷ்டம், விலையும் ஏறிடும்.